கைபேசியில் இசையமைப்போருக்கு: ப்ராஜெக்டுகளையும் சாம்பிள்களையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

ஆறு மாதத்துக்கு முன் பாதியில் விட்ட பாட்டைத் திறக்கிறீர்கள். மெட்டு இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, தவில் லூப் (திரும்பத் திரும்பச் சுற்றும் ஒலித்துண்டு) இருந்த இடம் மட்டும் காலி. 'ஃபைல் கிடைக்கவில்லை' என்கிறது ஆப். அந்த லூப் போனிலேயே வேறெங்கோ கிடக்கலாம். இடம் போதவில்லை என்று டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் துடைத்தபோது போயிருக்கவும் கூடும். இதைத் தவிர்க்க ஒரே ஒரு விதி போதும்: சாம்பிளின் (பாட்டில் சேர்க்கும் பதிவான ஒலித்துண்டு) மூலப் பிரதி ஆப்புக்கு வெளியே, ஒரே இடத்தில், இடம் மாறாமல் இருக்க வேண்டும். ஆப்புக்குள் போவது எப்போதும் நகல்தான். கீழே வருவதெல்லாம் இந்த விதியை எஃப்எல் ஸ்டூடியோ மொபைல், கராஜ்பேண்ட், பேண்ட்லேப் போன்ற ஆப்களில் நடைமுறைப்படுத்தும் வழிதான்.

முதலில் ஒரு சோதனை: ஒலி எங்கே இருக்கிறது?

ப்ராஜெக்ட் ஃபைல் ஒரு சமையல் குறிப்பு மாதிரி. எந்த நோட், எந்த இடத்தில், எவ்வளவு சத்தத்தில், எந்த எஃபெக்டோடு என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒலியும் அதற்குள் இருக்கிறதா என்பது ஆப்புக்கு ஆப் மாறும். ஐபோனில் கராஜ்பேண்ட், பாட்டோடு சேர்த்து ஒலிப்பதிவுகளையும் ஒரே பொதியாக வைத்துக்கொள்கிறது. வேறு சில ஆப்கள் 'இந்த ஃபோல்டரில் இந்தப் பெயரில் உள்ள ஃபைல்' என்று முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும். உங்கள் ஆப் எந்த வகை என்பதைப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்:

1. ஒரு நிமிட நீளமுள்ள வேவ் (சுருக்காத ஒலி) ஃபைல் ஒன்றை, இதற்கென்றே உருவாக்கிய புது ஃபோல்டரில் போடுங்கள்.
2. அதைப் புது ப்ராஜெக்டில் ஏற்றி, சேமித்து, ஆப்பை முழுவதும் மூடுங்கள்.
3. ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள்.
4. ப்ராஜெக்டைத் திறந்து இயக்கிப் பாருங்கள்.

ஒலி வரவில்லை என்றால் ஆப் முகவரியை மட்டுமே குறித்திருக்கிறது. வந்தால் எங்கோ நகல் எடுத்திருக்கிறது. அந்த நகல் ப்ராஜெக்டுக்குள் இருக்கிறதா, எல்லாப் பாட்டுக்கும் பொதுவான நூலகத்தில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ப்ராஜெக்டை வெளியே ஏற்றுமதி செய்து அளவைப் பாருங்கள். ஒரு நிமிட ஸ்டீரியோ வேவ் ஏறக்குறைய 10 எம்பி இருக்கும். ஏற்றுமதியான ஃபைல் சில நூறு கேபி மட்டுமே என்றால் ஒலி அதில் இல்லை. அப்படிப்பட்ட ஆப்பின் சாம்பிள் பட்டியலில் ஒரு கிக்கை (ட்ரம்ஸின் கனத்த அடி) அழித்தால், அதைப் பயன்படுத்திய எல்லாப் பாட்டிலும் கிக் போய்விடும். வேறு போனுக்கு அந்த ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் அனுப்பினாலும் இதே கதிதான்.

ஆப்பின் உள்அறையை நம்பாதீர்கள்

ஆண்ட்ராய்டில் பல ஆப்கள் தங்கள் ஃபைல்களை 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டேட்டா' பகுதியில் வைக்கின்றன. 2020-இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல் சாதாரண ஃபைல் மேனேஜர்களால் அந்தப் பகுதிக்குள் நுழைய முடிவதில்லை. பார்க்க முடியாத இடம் என்பதைவிட மோசமான ஒன்று உண்டு: ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் அந்தப் பகுதியும் சேர்ந்து அழிந்துவிடும். ஆப் அடிக்கடி நின்றுபோகிறது என்று நீக்கிவிட்டு மறுபடி போடுவது பலருக்குப் பழக்கம். அதற்கு முன் எல்லா ப்ராஜெக்டுகளையும் வெளியே எடுத்துவிட வேண்டும். செட்டிங்ஸில் 'க்ளியர் கேஷ்' பொதுவாகப் பாட்டைத் தொடாது. அதன் பக்கத்திலேயே இருக்கும் 'க்ளியர் டேட்டா' அனைத்தையும் துடைத்துவிடும். விரல் தவறும் தூரம்தான்.

ஐபோனில் ஃபைல்ஸ் ஆப்பைத் திறந்து 'ஆன் மை ஐபோன்' பகுதிக்குப் போனால் பல ஆப்களுக்குத் தனித்தனி ஃபோல்டர் தெரியும். ஆப்பை 'ஆஃப்லோட்' செய்தால் உள்ளே இருக்கும் பாட்டு தங்கும். 'டிலீட்' செய்தால் போனில் இருந்தவை போகும். ஐகிளவுடில் இருந்தவை மட்டும் பிழைக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஃபைல் பக்கத்தில் மேகக் குறி தெரிந்தால் அது இன்னும் போனுக்கு இறங்கவில்லை. நெட் இல்லாத இடத்தில் அந்தப் பாட்டு திறக்காது. வெளியூர் ஒலிப்பதிவுக்குக் கிளம்புமுன் ஒவ்வொன்றையும் தொட்டு இறக்கிவிடுங்கள்.

மூல ஃபோல்டர்

ஆண்ட்ராய்டானால் 'டாக்குமெண்ட்ஸ்' அல்லது 'மியூசிக்'குக்குள், ஐபோனானால் 'ஆன் மை ஐபோன்' பகுதியில், 'இசை' என்று ஒரே ஒரு ஃபோல்டர். அதற்குள் நான்கு:

00_வரவு
10_சாம்பிள்
20_ப்ராஜெக்ட்
30_முடிந்தவை

எண்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பது, பின்னால் ஒரு ஃபோல்டர் தேவைப்பட்டால் 15 என்று நுழைக்கத்தான். இங்கே பெயர்களைத் தமிழில் எழுதினாலும் போனில் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிடுங்கள். 'கொ' போன்ற எழுத்துகளைக் கணினியில் இரண்டு விதமாகக் குறிக்க முடியும்; ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதும் ஜிப் பிரிக்கும்போதும் குறியீடு மாறினால், கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரிவது ஆப்புக்கு வேறு பெயராகிவிடும். ஃபைல் கிடைக்கவில்லை என்ற செய்திக்கு இதுவும் ஒரு காரணம். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கள். கேள்விக்குறி, சாய்கோடு, நட்சத்திரம், ஹேஷ் ஆகிய குறிகள் வேண்டாம்.

மூன்று அடுக்குக்கு மேல் ஆழம் போகாதீர்கள். கைபேசித் திரையில் ஒவ்வொரு அடுக்கும் இரண்டு தட்டல். மெட்டு மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறு அடுக்குக்குள் ஒரு ஸ்னேரை (ட்ரம்ஸின் கூர்மையான அடி) தேடினால் மெட்டு போய்விடும்.

ஆண்ட்ராய்டில் பாட்டு கேட்கும் ஆப்பில் நூற்றுக்கணக்கான கிக், கைத்தட்டல் எல்லாம் பாடல்களாக வரிசைகட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாம்பிள் ஃபோல்டருக்குள் 'நோமீடியா' என்று ஆங்கிலத்தில், முன்னால் ஒரு புள்ளி வைத்து, வெற்று ஃபைல் ஒன்றைப் போட்டால் அவை மறைந்துவிடும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. போனின் மீடியாப் பட்டியலை வைத்து ஃபைல் தேடும் சில இசை ஆப்களுக்கும் அந்த ஃபோல்டர் தெரியாமல் போகும். முதலில் ஒரு சிறிய ஃபோல்டரில் போட்டுப் பார்த்து, உங்கள் ஆப்பால் அங்கிருந்து ஏற்ற முடிகிறதா என்று உறுதி செய்த பிறகே எல்லாவற்றுக்கும் போடுங்கள்.

சாம்பிள்களை எதன்படி பிரிப்பது

டவுன்லோட் செய்த பேக் (சாம்பிள் தொகுப்பு) எப்படி வந்ததோ அப்படியே வைப்பதா, கிக், ஸ்னேர், லூப் என்று ஒலிவாரியாகப் பிரிப்பதா என்று ஒரு வாதம் எப்போதும் உண்டு. ஒற்றை அடிகளுக்கும் லூப்களுக்கும் ஒலிவாரிதான் சரி. பாட்டு போடும்போது 'எனக்கு ஒரு கனமான கிக் வேண்டும்' என்றுதான் தேடுவோம், எந்தப் பேக்கில் வந்தது என்று தேடுவதில்லை. பேக்கோடு வந்த உரிமக் குறிப்பை மட்டும் '10_சாம்பிள்' ஃபோல்டருக்குள் 'உரிமம்' என்று தனி ஃபோல்டரில், பேக்கின் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை வெளியிடும் நாளில் அது கேட்கப்படலாம்.

நம் தாளக் கருவிகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. மிருதங்கத்தின் தீம், தோம், நம், சாபு எல்லாம் ஒரே வாத்தியத்தில், ஒரே அமர்வில், ஒரே மைக் தூரத்தில் எடுத்தவையாக இருந்தால்தான் கோவையாகக் கேட்கும். அவற்றைப் பிரித்து வேறொரு பேக்கின் அடிகளோடு கலந்துவிட்டால் மறுபடி சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே மிருதங்கம், தவில், பறை, கடம் ஒவ்வொன்றும் தனி ஃபோல்டர். உள்ளே ஒவ்வொரு அமர்வும் தனி. பறையைத் தீயில் காய்ச்சும் அளவைப் பொறுத்து அதன் ஒலி ஏறும், இறங்கும். நேற்றைய அடியும் இன்றைய அடியும் ஒரே பறையில் எடுத்ததாகவே இருந்தாலும் ஒட்டாது.

'00_வரவு' ஃபோல்டர் எதற்கு என்றால், டவுன்லோட், வாட்ஸ்அப், வாய்ஸ் ரெக்கார்டர் எதிலிருந்து வந்தாலும் முதலில் இங்கேதான் விழ வேண்டும். கேட்டு, பெயரிட்டு, பிறகே சாம்பிள் ஃபோல்டருக்கு நகர்த்துவது. வரவிலிருந்து நேராக ஒரு ப்ராஜெக்டுக்கு எதையும் ஏற்றாதீர்கள். முகவரி குறிக்கும் ஆப்பாக இருந்தால், பிறகு நகர்த்தும்போது அந்தப் பாட்டு உடையும்.

பெயரில் என்ன இருக்க வேண்டும்

லூப்புக்கு: கருவி, தன்மை, பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி), சுருதி, எண். ஒற்றை அடிக்கு பிபிஎம் தேவையில்லை.

தவில்_கல்யாணம்_110_2-5கட்டை_02
மிருதங்கம்_தோம்_5கட்டை_01
நாதஸ்வரம்_நீள்ஸ்வரம்_2-5கட்டை_03

எண்களை 01, 02 என்று இரண்டு இலக்கமாக எழுதுங்கள். எழுத்து எழுத்தாக வரிசைப்படுத்தும் ஆப்களில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும்.

சுருதியைக் கட்டையில் எழுதுவது பாடகர், வாத்தியக்காரர்களோடு வேலை செய்பவர்களுக்கு வசதி. ஆப்பில் சி, டி என்று வருவதால் இரண்டும் கையோடு தெரிந்திருக்க வேண்டும். 1 கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், 2 டி, இரண்டரை டி ஷார்ப், 3 ஈ, 4 எஃப், நாலரை எஃப் ஷார்ப், 5 ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், 6 ஏ, ஆறரை ஏ ஷார்ப், 7 பி. அரைக் கட்டையைப் புள்ளி வைத்து எழுதாமல் 2-5 என்று எழுதுங்கள். பெயருக்கு நடுவில் புள்ளி வந்தால் சில ஆப்கள் அதை ஃபைல் வகையின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ளும். மிருதங்கத்தின் வலந்தலை சுருதிக்குச் சேர்க்கப்பட்டது என்பதால் தாளக் கருவிதானே என்று கட்டையை விட்டுவிடாதீர்கள். 5 கட்டை மிருதங்கத்தை 1 கட்டைப் பாட்டுக்கு இழுக்க, மேலே ஐந்து செமிடோன் (கீபோர்டில் அடுத்த சாவிக்கு உள்ள தூரம்) அல்லது கீழே ஏழு செமிடோன் நகர்த்த வேண்டும். இரண்டிலும் தோல் ஒலி பொய்யாகிவிடும்.

பிபிஎம் தெரியாத லூப்புக்குக் கணக்கு எளிது: அடிகளின் எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, லூப்பின் நீளத்தால் (வினாடியில்) வகுக்க வேண்டும். 8 அடி, 5 வினாடி என்றால் 480-ஐ 5-ஆல் வகுக்க 96 பிபிஎம். நம் நாட்டுப்புறத் தாளங்களில் 6/8 நடை நிறைய வருவதால் இங்கேதான் குழப்பம் நேர்கிறது. இரண்டு பார் (தாளச் சுற்று) 6/8 லூப் 2.4 வினாடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலால் தட்டினால் 4 பெரிய அடி, அதாவது 100 பிபிஎம். ஆப்போ பெரும்பாலும் கால்நோட்டைத்தான் அடியாக எண்ணும்; இந்த லூப்பில் கால்நோட்டு 6, ஆகவே 150 பிபிஎம். பெயரில் 100 என்று எழுதிவிட்டு ப்ராஜெக்டையும் 100-இல் வைத்தால் லூப் பார்க்கோட்டில் உட்காரவே உட்காராது. ஆப் எண்ணும் எண்ணையே பெயரில் எழுதுங்கள், கூடவே '68' என்று சேர்த்துவிடுங்கள்.

வடிவமும் அளவும்

சாம்பிள்களை வேவ் வடிவிலேயே வையுங்கள். எம்பி3 ஆக்கும்போது ஃபைலின் தலையிலும் வாலிலும் நுண்ணிய மௌனம் சேர்ந்துவிடும். முழுப் பாட்டைக் கேட்கும்போது தெரியாது. லூப் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு தடுக்கல் கேட்கும். ஏற்கெனவே எம்பி3-ஆக வந்த லூப்பை வேவ் ஆக்கி, தலையையும் வாலையும் கையால் வெட்டி, சரியான நீளத்துக்குக் கொண்டுவந்த பிறகு நூலகத்தில் சேருங்கள். இழந்த தரம் திரும்பாது, தாளம் மட்டும் நேராகும்.

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ நிமிடத்துக்கு 10.6 எம்பி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் 17.3 எம்பி. மோனோவுக்கு இதில் பாதி. கிக், ஸ்னேர், ஒற்றைக் குரல் எல்லாம் மோனோவில் இருந்தால் போதும்.

உங்கள் நூலகம் முழுவதற்கும் ஒரே சாம்பிள் ரேட்டை (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற, மேலே சொன்ன கிலோஹெர்ட்ஸ் எண்) தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். வீடியோவிலிருந்து எடுத்த ஒலி பொதுவாக 48-இல் வரும். ரேட்டை மாற்றிக்கொள்ளாத ஆப் அதை 44.1-இல் ஓட்டினால் ஒலி சுமார் ஒன்றரை செமிடோன் இறங்கி, 8 சதவீதம் மெதுவாகக் கேட்கும். 'பாடகர் சுருதி விட்டுவிட்டார்' என்று முடிவு கட்டுமுன் இந்த அளவு இறக்கமா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் வாத்தியக்காரரிடமிருந்து பதிவைப் பெறும்போது வாய்ஸ் நோட்டாக வேண்டாம், 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள். வாய்ஸ் நோட் பேச்சுக்காகச் சுருக்கப்பட்டது. ஜால்ராவின் மேல் ஒலியெல்லாம் அதில் கரைந்துவிடும்.

ஒரு பாட்டு, ஒரு ஃபோல்டர்

'20_ப்ராஜெக்ட்' உள்ளே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஃபோல்டர். பெயரில் தொடங்கிய ஆண்டு, மாதம், பாட்டின் செல்லப்பெயர்: 2025-03_மழைமெட்டு. தேதியை ஆண்டிலிருந்து எழுதினால்தான் வரிசை கால வரிசையாக நிற்கும். உள்ளே ப்ராஜெக்ட் பதிப்புகள், குரலும் வாத்தியமுமான பதிவுகள், பிறருக்கு அனுப்பிய எம்பி3-கள் என மூன்று ஃபோல்டர்கள், ஒரு குறிப்பு ஃபைல்.

பதிப்புகளுக்கு ப01, ப02 என்று மட்டும் பெயர் வையுங்கள். 'ஃபைனல்' என்ற சொல்லைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஃபைனலுக்குப் பிறகு 'ஃபைனல்_புதுசு' வந்தே தீரும். எப்போது எண்ணை ஏற்றுவது? ஒரு பகுதியை வெட்டும்போது, பிபிஎம் அல்லது சுருதி மாற்றும்போது, ட்ராக்கை ஆடியோவாக மாற்றும்போது, அதாவது பின்வாங்க முடியாத எந்த வேலைக்கும் முன்னால். ஒரு வால்யூமைத் திருத்தியதற்கெல்லாம் வேண்டாம். பல ஆப்கள் தானாகவே பழையதன் மேல் சேமித்துவிடும், கராஜ்பேண்டும் அப்படித்தான். அதில் 'மை சாங்ஸ்' பக்கத்தில் பாட்டை அழுத்திப் பிடித்து 'டூப்ளிகேட்' கொடுத்து, நகலில் வேலையைத் தொடருங்கள். எஃப்எல் ஸ்டூடியோ மொபைலில் 'மை சாங்ஸ்', 'மை சாம்பிள்ஸ்' இரண்டும் தனித்தனி என்பதால், பாட்டுக்கான சாம்பிள்களை அங்கே அதே செல்லப்பெயரில் ஒரு துணை ஃபோல்டரில் நகல் எடுத்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று காட்டும். பேண்ட்லேப்பில் பதிப்புகள் கிளவுடில் தானாகச் சேரும். அதுவும் உங்கள் கணக்கு இருக்கும்வரைதான்.

குரல் பதிவுகளைப் பாட்டின் உறுப்பாலும் டேக் (ஒரு முறை பாடிய பதிவு) எண்ணாலும் பெயரிடுங்கள்: பல்லவி_டேக்03, சரணம்1_டேக்01. நல்ல டேக்குக்குப் பின்னால் ஒரு 'ந' போதும்.

குறிப்பு ஃபைலில் பிபிஎம், தாளம், கட்டை, எந்த ஆப்பின் எந்தப் பதிப்பு, விலை கொடுத்து வாங்கிய எந்தக் கருவித் தொகுப்பு என்று ஐந்து வரி எழுதுங்கள். புதுப் போனில் அந்தத் தொகுப்பை மறுபடி இறக்க மறந்தால் ட்ராக் மௌனமாக நிற்கும்; எது இல்லை என்று சொல்ல வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

கராஜ்பேண்டில் அடிக்கடி நடப்பது ஒன்று: நான்கு நிமிடக் குரலை இழுத்துப் போட்டால் எட்டு பார் மட்டும் வந்து நிற்கும். ஃபைல் கெடவில்லை. பாட்டுப் பகுதியின் நீளம் தொடக்கத்தில் எட்டு பாராக இருப்பதுதான் காரணம். பகுதி அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

பாட்டு முடிந்ததும்

ஆப்கள் நிலையானவை அல்ல. இன்றைய ப்ராஜெக்ட் ஃபைலை நாளைய போன் திறக்கும் என்று உறுதி இல்லை. வேவ் ஃபைலை எதுவும் திறக்கும். ஆகவே ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி ஸ்டெமாக (அந்த ட்ராக்கின் ஒலி மட்டும் உள்ள வேவ் ஃபைல்) எடுத்து வைப்பதே உண்மையான சேமிப்பு.

மாஸ்டரில் (எல்லா ட்ராக்கும் சேரும் இடம்) இருக்கும் லிமிட்டர், கம்ப்ரஸர் ஆகிய சத்தத்தை அடக்கும் எஃபெக்டுகளை அணையுங்கள். எல்லா ஸ்டெமும் முதல் பாரிலிருந்தே தொடங்கி ஒரே நீளத்தில் முடிய வேண்டும். குரல் நாற்பதாவது பாரில்தான் வருகிறது என்றாலும் முன்னால் மௌனத்தோடு. அப்போதுதான் எந்த ஆப்பிலும் இடப்பக்கம் ஒட்டிவைத்தால் போதும். ரிவெர்பின் (எதிரொலி எஃபெக்ட்) வால் அடங்க, கடைசியில் இரண்டு பார் கூடுதலாக விடுங்கள். 24 பிட்டில் எடுங்கள். குரலை மட்டும் எஃபெக்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று என இரண்டாக. கீபோர்டு, பேஸ் போன்றவற்றுக்கு மிடி (ஒலி இல்லாமல் நோட்டுகளை மட்டும் குறிக்கும் ஃபைல்) ஏற்றுமதியும் சேரட்டும். பின்னால் வேறு கருவி ஒலியில் போட்டுப் பார்க்க அது வேண்டும். ட்ராக்வாரியாக ஏற்றுமதி இல்லாத ஆப்பில் ஒவ்வொரு ட்ராக்காகச் சோலோ போட்டு எடுக்க வேண்டியதுதான். பொறுமை தேவை, ஆனால் பாட்டுக்கு ஒரு முறை மட்டும்.

44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு ஸ்டீரியோ ஸ்டெம் 64 எம்பி வரும். பன்னிரண்டு ட்ராக்குக்கு 760 எம்பிக்குச் சற்று மேல். தொடங்குமுன் அந்த இடம் போனில் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் தீர்ந்து பாதியில் நின்ற ஏற்றுமதி, பார்க்க முழு ஃபைல் போலவே இருக்கும். அதனால் எடுத்து முடித்ததும் எல்லா ஸ்டெமையும் ஒரு புது ப்ராஜெக்டில் ஏற்றி, கடைசி வரை கேளுங்கள். சரியாக இருந்தால் அந்த ஃபோல்டர் முழுவதையும் '30_முடிந்தவை'க்கு நகர்த்தலாம்.

காப்புப் பிரதி

போனில் ஒன்று, ஓடிஜி பென்டிரைவில் (போனிலேயே செருகக்கூடியது) ஒன்று, கிளவுடில் ஒன்று. பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். பழைய ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஜிப்பைப் போட முடியாது. உருவும் முன் 'எஜெக்ட்' கொடுங்கள். இருபக்க சிங்க்கைக் காப்புப் பிரதி என்று எண்ணாதீர்கள்: போனில் அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். மெதுவான எஸ்டி கார்டிலிருந்து நேராக நீண்ட சாம்பிள்களை ஓட்டினால் ஒலி விட்டுவிட்டு வரும். கார்டு சேமிக்க மட்டும் இருக்கட்டும்.

ஏற்கெனவே குழம்பிக் கிடந்தால்

முதல் நாளே ஃபோல்டர்களை அடுக்கத் தொடங்காதீர்கள். ஒரு ஃபைலை நகர்த்தினாலும் பழைய பாட்டுகள் உடையலாம். இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, பழைய ப்ராஜெக்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உயிரோடு இருப்பவற்றை ஒலியோடு சேர்த்த ஜிப்பாகவோ ஸ்டெம்களாகவோ வெளியே எடுங்கள். எல்லாம் பென்டிரைவுக்குப் போன பிறகுதான் நகர்த்தல்.

ஏற்கெனவே உடைந்ததைச் சரிசெய்ய, ஆப் கேட்கும் ஃபைல் பெயரை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டு, போன் முழுவதும் தேடுங்கள். கிடைத்தால் பழைய ஃபோல்டரை அதே பெயரில் மறுபடி உருவாக்கி அங்கே ஒரு நகலைப் போடுங்கள். பெரும்பாலும் பாட்டு உடனே உயிர்பெறும். ஃபைல் எங்குமே இல்லை என்றால் அதே நீளமுள்ள வேறொரு லூப்புக்கு அந்தப் பெயரை வைத்து அங்கே போடுங்கள். வெட்டிய இடங்களும் எஃபெக்டுகளும் அப்படியே நிற்க, ஒலி மட்டும் மாறும். ஒரே பெயரில், ஒரே அளவில் இரண்டு ஃபைல்கள் கிடைத்தால் வரவு ஃபோல்டரில் இருப்பதை மட்டும் அழியுங்கள். ஆப்பின் ஃபோல்டரில் இருக்கும் நகலைத் தொடாதீர்கள். எந்தப் பாட்டு அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று ஃபைலைப் பார்த்துச் சொல்ல முடியாது.